சம்பல் போத்தலுக்கு முதலீடு எங்கிருந்து? தொலைக்காட்சி மேடையும் மற்ற வழிகளும்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு குடும்பம் நெத்திலிச் சம்பல் செய்து போத்தலில் விற்கிறது. அக்கா கிண்டுகிறார். மகன் அதைப் படம் பிடித்து டிக்டாக்கில் போடுகிறான். மாப்பிள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பசார் மாலாமாக, அதாவது இரவுச் சந்தையாகப் போகிறார். வியாபாரம் நன்றாக ஓடுகிறது, அதனாலேயே வீட்டில் சண்டை. இனி இந்த அடுப்பு போதாது, பெரிதாக்க வேண்டும் என்பதில் மூவரும் ஒன்றுதான். பணம் எங்கிருந்து என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி.

மகனுக்குத் தொலைக்காட்சி. முதலீட்டாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று பத்து நிமிடம் பேசி, பணத்தோடு வெளியே வரும் அந்த மேடை. விஜய் தொலைக்காட்சியில் 2025-இல் தொடங்கிய ஸ்டார்ட்டப் சிங்கத்தைப் பார்த்ததிலிருந்து பையன் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுகிறான். அக்காவுக்குத் தெக்குன் கடன், அரசாங்கம் சிறுதொழிலுக்குத் தருவது. "எவனோ வந்து என் சட்டியில பங்கு கேக்கறதா?" என்பது அவர் கட்சி. மாப்பிள்ளை இரண்டுக்கும் நடுவில்: பேரங்காடியில் சரக்கை வைத்துவிட்டால் பணம் தானாக வரும், யார் காலிலும் விழ வேண்டியதில்லை என்கிறார். ஊரில் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். முறுக்கு, மசாலைத் தூள், ஊறுகாய் என்று இதே குழப்பத்தில் இருப்பவர்கள் பேரா முழுக்க இருக்கிறார்கள். அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டியின் கணக்கு

குடும்பத்தின் உண்மையான எண்களை இங்கே போட முடியாது. விளங்குவதற்காகச் சுற்று எண்கள் வைத்துக்கொள்வோம். மாதம் 800 போத்தல், ஒன்று 12 ரிங்கிட். நெத்திலி, மிளகாய், எண்ணெய், புளி, கேஸ், போத்தல், லேபிள் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 6 ரிங்கிட் செலவு. மாதம் 4,800 நிற்கிறது. உதவிக்கு ஒரு பெண், குறைந்தபட்சச் சம்பளம் 1,700. சந்தையில் கடை போடும் வாடகை, வேன் எண்ணெய் 600. மீதி 2,500. இதைத்தான் அக்கா லாபம் என்கிறார்.

ஆனால் அது அவர் சம்பளம். வேறு யாரையாவது அந்த அடுப்பு முன் நிற்க வைத்தால் அவருக்கும் 1,700 கொடுக்க வேண்டும். அதைக் கழித்தால் வியாபாரத்தின் லாபம் மாதம் 800, ஆண்டுக்கு 9,600. எந்த வழிக்குப் போனாலும் எதிரே உட்காருகிறவர் பார்க்கப் போவது இந்த எண்ணைத்தான், 2,500-ஐ அல்ல.

மகன் மேடையில் கேட்க நினைத்தது 10 விழுக்காடு பங்குக்கு 150,000 ரிங்கிட். அப்படிக் கேட்டால் மொத்த வியாபாரத்தின் மதிப்பு 15 லட்சம் என்று பொருள். ஆண்டு விற்பனையே 115,200. லாபத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்ட மதிப்பு திரும்ப 156 ஆண்டு ஆகும். அந்த நாற்காலியில் இருப்பவர்கள் இதை மனக்கணக்கிலேயே போட்டுவிடுவார்கள். பையனிடம் சொன்னபோது, "அது வளர்ச்சிக்குக் கொடுக்கற விலை, அண்ணே" என்றான். சரி, ஆனால் வளரும் என்பதற்கு ஏதாவது காட்ட வேண்டுமே.

மேடை எதை விற்கிறது

இந்த வகை நிகழ்ச்சி ஜப்பானில் 2001-இல் தொடங்கியது. பிரிட்டனில் 2005-இல் டிராகன்ஸ் டென் ஆனது, அமெரிக்காவில் 2009-இல் ஷார்க் டேங்க், இந்தியாவில் 2021 டிசம்பரில் ஷார்க் டேங்க் இந்தியா. எல்லா ஊரிலும் உணவும் பானமும் இதில் நன்றாக எடுபடும். மென்பொருளை யாரும் வாயில் போட்டுக் காட்ட முடியாது, சம்பலைப் போடலாம். முதலீட்டாளர் முகம் சுளிப்பதும் விரலை நக்குவதும் வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படியே புரியும்.

சம்பல்காரர்களுக்கு மிக நெருக்கமான கதை லெவி ரூட்ஸ். ஜமைக்காவில் பிறந்து லண்டனில் சாஸ் விற்றவர், 2007-இல் கிட்டாரோடு டிராகன்ஸ் டென்னில் நுழைந்து பாட்டுப் பாடினார். 20 விழுக்காட்டுக்கு 50,000 பவுண்ட் கேட்டார். இரண்டு பேர் சேர்ந்து அதே 50,000-ஐக் கொடுத்தார்கள், ஆனால் 40 விழுக்காட்டுக்கு. சில வாரங்களில் அந்த சாஸ் செயின்ஸ்பரீஸ் பேரங்காடியில் இருந்தது. பங்கு இரண்டு மடங்கு போனதற்கு அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. அந்தப் பேரங்காடிக் கதவைத் தனியாக எத்தனை வருடம் தட்டியிருப்பாரோ.

அதே மேடையில் நடந்த இன்னொன்றைப் பையனுக்கு எடுத்துச் சொன்னேன். கையில் 25 லட்சம் லிட்டருக்கு ஆர்டர் இருப்பதாக லெவி ரூட்ஸ் சொன்னார். கடிதத்தை வாங்கிப் பார்த்தால் 2,500 கிலோ. பாட்டும் ஆளும் அவரைக் காப்பாற்றிவிட்டன. எல்லோருக்கும் அப்படி நடக்காது. நம் ஊர்ப் பையன் ஒருவன் இப்படி உளறினால் அதுதான் வெட்டி எடுக்கப்பட்டு ஒரு வாரம் வாட்சாப்பில் சுற்றும்.

பாப்பி என்ற அமெரிக்க பானத்தின் கதை வேறு மாதிரி. 2018-இல் ஒரு தம்பதி ஆப்பிள் சிடர் வினிகர் கலந்த பானத்தோடு ஷார்க் டேங்குக்கு வந்தார்கள். அப்போது அதன் பெயர் மதர். ரோஹன் ஓசா 25 விழுக்காட்டுக்கு 4 லட்சம் டாலர் போட்டார். வைட்டமின்வாட்டர் போன்ற பானங்களை வளர்த்த அனுபவம் உள்ள ஆள். பெயர் மாறியது, பழைய தோற்றம் போய்ப் பளிச்சென்ற டின் வந்தது. 2025-இல் பெப்சிகோ அதை 195 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த 4 லட்சத்தை ஒரு வங்கி கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம். அங்கே பணத்தோடு சேர்ந்து வந்த ஆளின் தலைதான் வேலை செய்தது. ஆகவே மேடைக்குப் போகிறவர் தொகையைப் பார்ப்பதற்கு முன் நாற்காலியைப் பார்க்க வேண்டும். ஐந்து பேரில் உணவுச் சரக்கைக் கடைக்குள் கொண்டு போகத் தெரிந்தவர் யார்? ஒருவரும் இல்லை, எல்லோரும் நில வியாபாரமும் மென்பொருளும்தான் என்றால் வரும் பணம் வெறும் பணம். அதைவிட மலிவான பணம் தெக்குனில் கிடைக்கும்.

ஹைதராபாத்தின் ஸ்கிப்பி ஐஸ் பாப்ஸ் இன்னொரு எடுத்துக்காட்டு. ஷார்க் டேங்க் இந்தியாவின் முதல் பருவத்தில் ஐந்து பேரும் சேர்ந்து 15 விழுக்காட்டுக்கு 1 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டார்கள். நாம் பள்ளிக்கூட வாசலில் 20 சென்னுக்கு வாங்கித் தின்ற குழாய் ஐஸ்தான். அதைச் சுத்தமான தண்ணீர், செயற்கை நிறம் இல்லை என்று ஒரு பிராண்டாக ஆக்கினார்கள். எல்லோருக்கும் தெரிந்த பண்டம், ஆனால் நம்பி வாங்க ஒரு பெயர் இல்லாமல் கிடந்தது. அந்த இடைவெளியை விளக்கத் தொலைக்காட்சி நல்ல கருவி.

இப்போது கசப்பான பக்கம். மேடையில் கை குலுக்குவது ஒப்பந்தம் ஆகாது. அதன் பிறகு கணக்குப் புத்தகம், வரி, உரிமம், கடன் எல்லாவற்றையும் வக்கீலும் கணக்காளரும் தோண்டுவார்கள். ஃபோர்ப்ஸ் இதழ் 2016-இல், அமெரிக்க ஷார்க் டேங்கின் முதல் ஏழு பருவங்களில் ஒப்பந்தம் கிடைத்த 237 பேரிடம் பேசியது. ஏறக்குறைய 73 விழுக்காட்டினருக்கு மேடையில் பேசிய ஒப்பந்தம் அப்படியே நிறைவேறவில்லை. அதில் பெரும்பகுதிக்கு ஒப்பந்தமே நடக்கவில்லை, மற்றவர்களுக்கு நிபந்தனை மாறிப் போனது. இன்னொன்று, தொடக்க காலத்தில் அந்த நிகழ்ச்சியில் தோன்றுவதற்கே தயாரிப்பு நிறுவனத்துக்கு 5 விழுக்காடு பங்கோ லாபத்தில் 2 விழுக்காடோ எழுதித் தர வேண்டியிருந்தது, பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். முதலீட்டாளர்களில் ஒருவரான மார்க் கியூபன் பிடிவாதம் பிடித்த பிறகு 2013-இல்தான் அதை நீக்கினார்கள். எந்த நாட்டு, எந்த அலைவரிசை மேடையானாலும் விண்ணப்பப் படிவத்தில் இந்த மாதிரி வரி இருக்கிறதா என்று ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். படிவத்தை இரவு பன்னிரண்டு மணிக்குக் கைப்பேசியில் நிரப்பி அனுப்புகிற வேலை கூடாது.

பங்குக்குப் பதிலாக ராயல்டி கேட்கிறவர்களும் உண்டு. 2013-இல் ஒரு அம்மாவும் மகளும் போத்தலுக்குள் அடைத்த கப்கேக்கோடு ஷார்க் டேங்குக்கு வந்தார்கள், விக்கெட் குட் கப்கேக்ஸ். கெவின் ஓலேரி 75,000 டாலர் கொடுத்தார், பங்கு கேட்கவில்லை. பணம் திரும்பும்வரை விற்கிற ஒவ்வொன்றுக்கும் 1 டாலர், அப்புறம் எப்போதும் 45 சென்ட். கேட்க இனிமையாக இருக்கிறது. நம் சம்பலுக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளம், வாடகை எல்லாம் போக இப்போது போத்தலுக்கு 1 ரிங்கிட்தான் மிஞ்சுகிறது. அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் சட்டி மட்டும். விலையில் நிறைய இடம் உள்ள பண்டத்துக்குத்தான் ராயல்டி சரி.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன விஷயம். அக்காவின் வியாபாரம் எஸ்.எஸ்.எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் எண்டர்பிரைஸாக, அதாவது தனியாள் வியாபாரமாகப் பதிந்திருக்கிறது, அவர் பெயரில். அதில் பங்கு என்ற ஒன்றே கிடையாது. பங்கு விற்க வேண்டுமானால் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி ஆக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட், அது ஒருமுறை. அதற்கப்புறம் கம்பெனி செயலாளர், ஆண்டறிக்கை, வரித் தாக்கல் என்று வருடா வருடம் செலவு வந்துகொண்டே இருக்கும். 9,600 லாபத்தில் அது நன்றாகவே உறைக்கும். பையனுக்கு இது தெரியாது. கண்ணாடி முன் 10 விழுக்காடு என்று அவன் விற்றுக்கொண்டிருந்தது இல்லாத ஒன்றை.

கடன் பக்கம்

தெக்குன் நேஷனல் 1998-இல் வந்தது. இந்தியச் சமூகத்துக்கென அதற்குள் ஸ்பூமி திட்டம் இருக்கிறது. 2024-இல் அதையே பெரிதாக்கி, 50,000-க்கு மேல் 100,000 ரிங்கிட் வரை தரும் ஸ்பூமி கோஸ் பிக் வந்தது. அதே ஆண்டு இந்தியப் பெண்களுக்காக அமானா இக்தியார் மூலம் பென் திட்டமும், பேங்க் ராக்யாட்டில் பிரீஃப்-ஐ திட்டமும் வந்தன. அமானா இக்தியார் 1987 முதல் இருக்கிறது, வங்காளதேசத்து கிராமின் வங்கியைப் பார்த்து உருவானது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் முறை. அக்காவுக்கு இது பொருந்தும். கோயிலில் பொங்கல் வைக்கிற கூட்டமே ஒரு குழுவுக்குப் போதும்.

கணக்கைப் பார்ப்போம். 30,000 ரிங்கிட், ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 4 விழுக்காடு முழுத் தொகைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 36,000 திரும்பக் கட்ட வேண்டும், மாதம் 600. ஒரு போத்தலில் சரக்குச் செலவு போக 6 ரிங்கிட் நிற்பதால் கூடுதலாக 100 போத்தல் விற்றால் தவணை போய்விடும். ஆனால் கடன் வாங்குவதே தனி இடம் எடுப்பதற்காக. பழைய கடைவீடு ஒன்றின் வாடகை 900 என்றால் அதற்கு இன்னும் 150. ஆக, மாதம் 1,050 போத்தல் விற்றால்தான் இன்று நிற்கிற இடத்திலேயே நிற்கலாம். அதற்கு மேல் வருவதுதான் வளர்ச்சி. இந்த எண்ணை அக்கா உடனே பிடித்துக்கொண்டார். "ஒரு நாளைக்குப் பத்துப் போத்தல் கூட வித்தா போதுமா?" என்றார். மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை என்றால் அவ்வளவேதான்.

இங்கே பங்கு யாருக்கும் போகாது. நன்றாக விற்றால் லாபம் முழுக்க வீட்டுக்கு. விற்காவிட்டாலும் தவணை நிற்காது, அதுதான் ஆபத்து. மேடைப் பணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வியாபாரம் முழுகினால் முதலீட்டாளரும் சேர்ந்து முழுகுவார். கடன் வாங்கியவர் தனியாகத்தான் முழுக வேண்டும். தெக்குன் பணத்தில் வேனுக்கு முன்பணம் கட்டியவர்கள், மகள் கல்யாணத்துக்குத் திருப்பியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிய பிறகு அடுத்த கதவுகள் எல்லாம் சாத்திக்கொள்கின்றன. பணம் வந்ததும் இயந்திரத்துக்கும் இடத்துக்கும் மட்டும் தனிக் கணக்கில் வைத்துவிட வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாடு இல்லாத வீட்டுக்கு நான் கடன் சொல்லமாட்டேன்.

இந்த 30,000 எதற்குப் போகும் என்பது இன்னும் முக்கியம். சம்பலின் உண்மையான தடை விளம்பரம் அல்ல, அடுப்படி. வீட்டுச் சமையலறையில் கிண்டுகிறவரை மெஸ்தி சான்றிதழும் ஹலாலும் எட்டாது. மெஸ்தி சுகாதார அமைச்சு தருவது. தயாரிக்கும் இடம், சுத்தம், எழுதி வைக்கும் பதிவேடு எல்லாம் பார்ப்பார்கள். உணவைக் கையாளுகிற எல்லோரும் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், தைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். நகராண்மைக் கழக உரிமம் தனி. சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சாரில். ஹலாலுக்கு வந்தால் தயாரிப்பு இடத்துக்குள் வழிபாட்டுப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. அக்காவின் அடுப்புக்கு மேலேயே முருகன் படம், மாலையும் விளக்குமாக. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நாசி லெமாக்கோடு சாப்பிடும் மலாய்க்காரர்கள். அதனால் ஹலால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. முருகனை இடம் மாற்றவும் அவருக்கு மனமில்லை. தனி இடம் எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை, வீட்டில் சாமி, கடைவீட்டில் சட்டி. 900 ரிங்கிட் வாடகையை அக்கா ஒப்புக்கொண்டதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சோதனைக்கூடம். எண்ணெய் மிதக்கும் சம்பலை மூடி போட்டு அடைத்தால் உள்ளே காற்று இருக்காது. அந்த நிலையில் வளரும் கொடிய கிருமி உண்டு. புளிப்பு போதுமான அளவு இருந்தால், அதாவது பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. அக்காவின் கைப்பக்குவம் ஒவ்வொரு சட்டிக்கும் கொஞ்சம் மாறும். இன்றைக்குப் புளி கூட, நாளைக்குக் குறைய. ஒரு பி.எச். மீட்டரும் சோதனைக்கூட அறிக்கையும் இருந்தால் "ஆறு மாதம் கெடாது" என்று லேபிளில் தைரியமாகப் போடலாம். மேடையில் உணவுத் தொழில் தெரிந்த முதலீட்டாளர் இருந்தால் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம். பேரங்காடியில் கட்டாயம் கேட்பார்கள்.

பேரங்காடி அலமாரி

மாப்பிள்ளையின் வழியை நான் கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டேன், அவருக்குக் கோபம். ஆனால் எண் பேசுகிறது. 12 ரிங்கிட் போத்தலில் கடை 30 விழுக்காடு எடுத்தால் நமக்கு 8.40. சரக்குச் செலவு 6. மிச்சம் 2.40, அதில் வேன் எண்ணெயும் உடைந்த போத்தலும் காலாவதியாகித் திரும்புவதும் அடங்கும். பணம் உடனே வராது. மூன்று மாதம் கழித்துக் காசோலை என்றால், மாதம் 1,000 போத்தல் அனுப்புகிற குடும்பம் முதல் காசு பார்க்கும் முன் 18,000 ரிங்கிட் சரக்கில் போட்டிருக்க வேண்டும். அந்த 18,000 எங்கிருந்து? மறுபடி கடன்தான். அலமாரியில் இடம் பிடிக்கவே கட்டணம் கேட்கிற கடைகளும் உண்டு. பார்கோடும் வாங்க வேண்டும், மலேசிய உறுப்பினர்களுக்கு அது 955 என்று தொடங்கும்.

நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் 99 ஸ்பீட்மார்ட்டின் கடைகள் 2,000-ஐத் தாண்டிவிட்டன. அதில் நுழைந்தால் என்று மாப்பிள்ளை கண்ணை விரிக்கிறார். கடைக்கு ஆறே போத்தல் வைத்தாலும் 12,000 போத்தல் வேண்டும், அக்காவின் பதினைந்து மாத உற்பத்தி. இப்போதைக்குப் பேச்சே வேண்டாம். ஊர் மளிகைக் கடை, ஈப்போவின் லிட்டில் இந்தியா, எண்ணெய் நிலையக் கடை இரண்டு மூன்று என்று கையில் பணம் வாங்கிச் சரக்குக் கொடுக்கிற இடங்கள் போதும்.

ஈப்போவின் புந்தோங்கும் குனோங் ராப்பாட்டும் இதற்கு நல்ல பாடம். ஈப்போ கச்சான் பூத்தே என்ற கடலை, முறுக்கு வகைகள் நாடு முழுக்கப் பெயர் வாங்கியது எந்த மேடையிலும் ஏறி அல்ல. எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் தலையில் தட்டை வைத்து விற்று, பிறகு மிதிவண்டி, பிறகு கடை என்று இரண்டு மூன்று தலைமுறையில் வந்த பெயர். மெதுவான வழிதான், யாருக்கும் பங்கு எழுதிக் கொடுக்காத வழி. ஆனால் அதே ஈப்போவில் 1999-இல் தொடங்கிய ஓல்ட் டவுன் வெள்ளைக் காப்பி இருபது ஆண்டுக்குள் 147 கோடி ரிங்கிட்டுக்கு வெளிநாட்டுக் காப்பி நிறுவனத்துக்குக் கை மாறியது. அதுவும் தொலைக்காட்சி மேடை இல்லாமல். நடுவில் பங்குச் சந்தை, கிளைகள், ஏற்றுமதி எல்லாம் இருந்தது. ஒரே ஊர் இரண்டு வேகத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

பலர் சேர்ந்து போடும் பணம்

2015-இல் மலேசியப் பங்கு ஆணையம் இணையக் கூட்டு முதலீட்டுத் தளங்களை அனுமதித்தது. ஆசியான் நாடுகளில் இதற்கு முதலில் சட்டம் செய்தது நாம்தான். பொதுமக்களில் ஒருவர் ஒரு நிறுவனத்தில் 5,000 ரிங்கிட்வரை போடலாம். கூட்டம் பெரிது, யாரும் முதலாளி மாதிரி அதட்ட முடியாது, வாங்கிய பங்குதாரரே வாடிக்கையாளராகவும் இருப்பார். ஆனால் செண்டிரியான் பெர்ஹாட் வேண்டும், ஒழுங்கான கணக்கு வேண்டும். அக்காவின் அளவுக்கு இது இன்னும் பெரிய சட்டை.

சுங்கை சிப்புட்டுக்கு இந்த யோசனை புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது, இந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுகிறவர்களிடம் சின்னச் சின்னத் தொகையாகச் சேர்த்து அந்தத் தோட்டங்களையே வாங்கினார்கள். அக்காவின் தாத்தாவும் அதில் பங்கு வைத்திருந்தார்.

ஊரில் பழகிய இன்னொரு கூட்டும் உண்டு, மாதாமாதம் போட்டு ஒருவர் எடுப்பது. அதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சீட்டுப் பிடித்தவர் ஓடினால் போலீசிலும் சொல்ல முடியாது. சம்பலை அதில் சிக்க வைக்க வேண்டாம். ஆலோங் என்ற கந்துவட்டிக்காரர் பக்கம் போவதைப் பற்றி எழுதக்கூட வேண்டியதில்லை.

எனக்குப் பட்டது

குடும்பத்துக்கு நான் சொன்னது, கடன்தான், அதுவும் இந்த ஆண்டு. 100,000 வேண்டாம், 30,000 போதும். கடைவீடு, கிண்டும் இயந்திரம், மூடி இறுக்கும் இயந்திரம், மெஸ்தி, ஹலால், சோதனைக்கூடம் என்ற வரிசையில். மாதம் 1,050 போத்தலைத் தாண்டி ஆறு மாதம் நின்றால் அடுத்ததைப் பேசலாம். மேடையின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. இன்றைக்கு அங்கே போய் வெற்றி பெற்றால்தான் பிரச்சினை. ஒளிபரப்பான இரவே ஷோப்பி இணையக் கடையில் 5,000 ஆர்டர் விழும். 800 போத்தல் அடுப்பு அதைத் தாங்காது. மூன்று வாரம் தாமதமானால் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் வரிசை கட்டும். அக்காவின் கைமணத்துக்கு இருக்கும் பெயரை அவரே காசு கொடுத்துக் கெடுத்ததுபோல் ஆகும். அமெரிக்காவில் போத்தல் போலவே மூடிய கோப்பையில் ஒயின் விற்ற கோப்பா டி வீனோ இரண்டு முறை மேடை ஏறி இரண்டு முறையும் ஒப்பந்தம் இல்லாமல் இறங்கியது. ஆனால் விற்பனை ஏறியது, காரணம் சரக்கு தயாராக இருந்தது. மேடையின் பலன் தொழிற்சாலை உள்ளவருக்கு அதிகம், பணம் கிடைக்காவிட்டாலும்.

பையன் சும்மா இருக்கவில்லை. "இதே நிலைமையில வேற யாராவது மேடைக்குப் போலாம்னா யாருக்குச் சொல்வீங்க?" என்று மடக்கினான். நியாயமான கேள்வி. இதே சாலையில் கொஞ்ச தூரத்தில் நன்னாரியும் இஞ்சியும் சேர்த்து டின்னில் அடைக்க நினைக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு என் பதில் நேர் எதிர். சம்பல் என்ன என்று மலேசியாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நன்னாரி என்ன என்று மூன்று இனத்துக்கும் விளக்க வேண்டும். பசார் மாலாமில் ஒவ்வொருவராக நிறுத்திக் குடிக்கக் கொடுத்தால் ஆயுசு போதாது. டின் பானத்தை வீட்டில் செய்யவும் முடியாது. குறைந்தபட்ச ஆர்டரே ஆயிரக்கணக்கில் கேட்கும் தொழிற்சாலையிடம்தான் போக வேண்டும். 30,000 கடன் அங்கே ஒரே சுற்றில் கரைந்துவிடும். அதே தொழிற்சாலை இருப்பதால் திடீரென்று ஆர்டர் குவிந்தாலும் அவர் அடுப்பு ஏற்ற வேண்டியதில்லை. விளக்கம் தேவை, முதலீடு பெரிது, உற்பத்தி வெளியில்: இந்த மூன்றும் சேர்ந்தால் பங்கு கொடுத்து மேடை ஏறுவது சரியான வியாபாரம். பாப்பி மாதிரி 25 விழுக்காடு போனாலும் சரிதான், கொடுக்கிறவருக்குப் பானம் விற்கத் தெரிந்திருந்தால்.

சம்பலுக்கே அந்த நேரம் வரலாம், அடுத்த வருடமோ அதற்கு அடுத்ததோ. அப்போது கையோடு இருக்க வேண்டியவை: செண்டிரியான் பெர்ஹாட் பதிவு, பன்னிரண்டு மாத விற்பனைக் கணக்கு, மெஸ்தி, ஹலால், சோதனை அறிக்கை, மைஐபோ என்ற அறிவுசார் சொத்துக் கழகத்தில் பிராண்டின் பெயர் பதிவு. கடைசியாகச் சொன்னதை முதலிலேயே செய்துவிடலாம், பத்து ஆண்டுக்கு நிற்கும். தொலைக்காட்சியில் பெயர் சொன்ன பிறகு வேறு யாராவது போய் அதைப் பதிந்துகொண்டால் வழக்குக்குத்தான் அலைய வேண்டும். அப்புறம் சமையல் குறிப்பு. சட்டியில் எதை எப்போது போடுகிறார் என்பதைக் கேமரா முன் மகன் சொல்லக்கூடாது, ஒப்பந்தத்திலும் அது அக்காவின் பெயரில்தான் இருக்க வேண்டும். மேடையில் பேசப்போவது மகன் என்றாலும் பக்கத்தில் அக்கா நின்றே ஆக வேண்டும். விலை எவ்வளவு, செலவு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் என்று கேட்டால் காகிதம் பார்க்காமல் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.